சோறு நெறஞ்சிருச்சு

நாற்காலி இழுக்குற சத்தத்த ஹாலுக்குள்ள இருந்து கேட்டா ஒரு மாதிரி இருக்கும். அடுப்படிப் பக்கம் நின்னு கேட்டா வேற மாதிரி. பிளாஸ்டிக் காலு டைல்ஸ் தரையில கர்ரு கர்ருன்னு உரசிக்கிட்டு, தூரத்துல இருந்து தகரக் கொட்டாய் மேல மழ எறங்கி வர்றாப்ல வரும். பசிச்ச சனம் எடம் பிடிக்குதுன்னு அர்த்தம்.

அன்னைக்கி அந்தச் சத்தம் கேட்டப்ப நான் சோத்து அண்டாவுக்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். அடி தெரியுது. கரண்டி சொரண்டுன கோடு தெரியுது. ஓரத்துல ஒரு கைப்பிடி சோறு ஒட்டிக்கிட்டு இருக்கு, அதுவும் காஞ்சது.

பக்கத்து அடுப்புல அடுத்த ஒல. அரிசி இப்பத்தான் உள்ள விழுந்து மேலயும் கீழயும் ஓடிக்கிட்டு கெடக்கு.

கையில வாக்கி டாக்கி. இடுப்புல வழவழன்னு புதுச்சேல. வயித்துக்குள்ள ஒரு கோழி றெக்கைய அடிச்சுக்கிட்டு நிக்குது.

சோறு வேகாம பந்தியில ஆள ஒக்கார வச்சவ யாருன்னு கேட்டா, ஊரே என்னையத்தான் காட்டும். ஆனா சத்தியமா நான் ஒக்காரச் சொல்லவே இல்ல. சொன்னது ஒண்ணு, ஆனது ஒண்ணு. அது எப்பிடின்னு சொல்லணும்னா முழங்கால்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

முழங்காலு சொன்ன தீர்ப்பு

போன வாரம் என் கல்யாணத்துல மழ பேஞ்சு பந்தல் சரிஞ்ச கதையச் சொன்னேன்ல. அதப் படிச்சிட்டு நெறயப் பேரு சிரிச்சாகளாம். எனக்கு எழுத்து தெரியாது தாயீ. பத்திரிக்கையில இருந்து வாராவாரம் ஒரு பொண்ணு போன் போடும், நான் பேசுவேன், அது எழுதிக்கிரும். "பாட்டி, இந்த வாரம் வேலையப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேட்டுச்சு. கேக்க ஆளு இருந்தா நான் விடியுற வரைக்கும் சொல்லுவேன்.

எங்க ஊரு சின்னாளபட்டி போற ரோட்டுல உள்ள தள்ளி இருக்கு. திண்டுக்கல்லுல செல்வராசுன்னு ஒரு தம்பி. கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்குறவரு. அவருகிட்ட வருசக்கணக்கா காய் நறுக்குறது என் வேல. அருவாமனையப் போட்டு ஒக்காந்தேன்னா சாம்பாருக்கு, கூட்டுக்கு, பொரியலுக்குன்னு மல மாதிரி குமிச்சிருவேன். எத்தன கல்யாணத்துக்கு நறுக்கியிருப்பேன்! ஆனா ஒரு பொண்ணு மாப்ளயவும் பாத்தது கெடையாது. பூசணிக்காயத்தான் பாத்திருக்கேன்.

அப்பறம் முழங்காலு மக்கர் பண்ண ஆரம்பிச்சிருச்சு. ஒக்காந்தா எந்திரிக்க ரெண்டு பேரு வேணும். டாக்டரு, "இனிமே கீழ ஒக்காரவே கூடாது"ன்னுட்டாரு. செல்வராசு தம்பி மேசையப் போட்டு, கத்திய குடுத்து, "நின்னுக்கிட்டே நறுக்குங்கக்கா"ன்னாரு. அருவாமனையில பழகுன கைக்கு கத்தி பிடிபடுமா? கேரட்டு ஒண்ணு குண்டா ஒண்ணு ஒல்லியா விழுகுது. பாத்தவுக, "யாரு நறுக்குனது, எலியா?"ன்னு கேட்டாக.

இந்த நேரம் பாத்து பந்தி பாக்குற மாஸ்டரு மக பிரசவத்துக்குன்னு கோயமுத்தூரு கெளம்பிட்டாரு. ஒரே முகூர்த்தத்துல தம்பிக்கு மூணு கல்யாணம். ஆளு கெடைக்கல. ஆளே கெடைக்காமத்தான் என்னையக் கூப்புட்டாரு, பெருமைக்கு எல்லாம் சொல்லல.

"யக்கா, பந்தி பாக்குறது நின்னுக்கிட்டே பாக்குற வேல. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல நிக்கணும். எது தேவைன்னு பாத்துச் சொல்லணும். இந்த ஒரு முகூர்த்தம் பாப்போம். சரியா வந்துச்சுன்னா நீங்களே பாருங்க. வரலேன்னா..."

வரலேன்னா என்னன்னு அவரு சொல்லல. நானே முடிச்சுக்கிட்டேன். வரலேன்னா வீடுதான். வீட்டுல எங்க வீட்டுக்காரரு காலையில டிவியில ஒரு செய்தி பாப்பாரு. மத்தியானம் அதே செய்தியப் பாப்பாரு. சாயங்காலம் அதையே என்கிட்ட சொல்லுவாரு. நெனச்சுப் பாருங்க.

பழனி பழனி பழனி

சிக்கல் என்னன்னா என் கொரலு. சின்னக் கொரலு. பஸ்ஸுல "எறங்கணும்"னு நான் சொன்னா பக்கத்துல இருக்கவதான் எனக்காகக் கத்துவா. அம்புட்டு சனத்துக்கு நடுவுல நின்னு "அங்க ரசம் வைங்க, இங்க மோர் ஊத்துங்க"ன்னு நான் சொல்லி யாரு கேக்குறது?

அந்த வாரம் பூரா நான் ஒரு எடத்துல இல்ல. டீ போடுவேன், ஆறிப் போயிரும். துணி காயப் போடுவேன், காயுறதுக்கு முன்னாடி எடுப்பேன், திரும்பப் போடுவேன். "ஏன்டி, காலு வலிங்கிற, காலையில இருந்து ஒலாத்திக்கிட்டே இருக்கியே"ன்னாரு எங்க வீட்டுக்காரரு. "காலுதான் வலிக்குது, மனசு நிக்க மாட்டேங்குதே"ன்னேன்.

தச்சுப் போட்ட ரவிக்கைய வாங்க திண்டுக்கல் போனேன். பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆளு, "பழனி பழனி பழனி"ன்னு கூப்புட்டுக்கிட்டு இருந்தாரு. நீங்களும் பாத்திருப்பீக. டிரைவரும் இல்ல, கண்டக்டரும் இல்ல, கூப்புடுறது மட்டுந்தான் வேல. நான் நின்னு வாயப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு பஸ்ஸு போயிருச்சு. அடுத்த பஸ்ஸு வந்துருச்சு.

கவனிச்சேன். அந்த ஆளு யாரு மொகத்தையும் பாக்கல. தூரத்துல, பூக்கடைக்கும் அங்கிட்டு பாக்குறாரு. அப்பறம், அவருக்கு ஒரே வார்த்ததான். "பழனிக்கு வண்டி இருக்கு, ஏறுறவுக ஏறலாம்"னு எல்லாம் வளவளன்னு பேசல. பழனி. அம்புட்டுதான்.

கிட்டப் போய், "அப்பு, தொண்ட வலிக்காதா?"ன்னேன்.

"தொண்டையில இருந்து கத்துனா வலிக்கும் ஆத்தா. வயித்துல இருந்து கத்தணும். ஆளு வருவாகன்னு நெனச்சுக் கத்தணும். வருவாகளோ மாட்டாகளோன்னு நெனச்சா கம்மிப் போயிரும். நீ பழனிக்கா?"

"இல்லப்பா, சும்மா கேட்டேன்."

"அப்பத் தள்ளி நில்லு. மறைக்கிற."

வீட்டுக்கு வந்து மாட்டுக் கொட்டகைப் பின்னாடி நின்னு பழகிப் பாத்தேன். தென்ன மரத்து உச்சியப் பாத்துக்கிட்டு, "சாம்பார் சாம்பார் சாம்பார்!" மொத நாளு மாடு மட்டும் திரும்பிப் பாத்துச்சு. மூணாவது நாளு பக்கத்து வீட்டு மருமக கிண்ணத்தோட வந்து நின்னா. "என்னத்தே, சாம்பார் நெறய வச்சிட்டீகளா?" சந்தோசம் தாங்கல எனக்கு. அவளுக்கு ஊத்துறதுக்காக அப்பறம் நெசமாவே சாம்பார் வச்சேன்.

பூனைக்குப் பேரு மேனேஜரு

கல்யாணம் நடக்கப்போற மண்டபம் பழனி ரோட்டுல. அங்க ஒரு பூன உண்டு. சாம்பக் கலரு, ஒரு காது கிழிஞ்சது. அடுப்படி ஆளுக அதுக்கு மேனேஜருன்னு பேரு வச்சிருக்காக. ஏன்னா அது நடக்குற நட அப்பிடி.

முந்தின நாளு சாமான் எறக்கப் போனப்ப பாத்தேன். மண்டபத்து நாயி ஒண்ணு உள்ள வந்துச்சு. தலையத் தாழ்த்தி, வால இடுக்கி, ஓரமா பதுங்கிப் பதுங்கி. உடனே நாலு பேரு "சூ சூ"ன்னு வெரட்டுனாக. செத்த நேரத்துல மேனேஜரு வருது. ஹாலு நடுவுல வருது. வாலு நேரா வானத்தப் பாக்குது. ஒரு மேசைய நிமிந்து பாக்குது, அடுத்த மேசைய நிமிந்து பாக்குது. ஓடல, அவசரப்படல. நாற்காலி அடுக்கிக்கிட்டு இருந்த ஆளு ஒருத்தரு, நம்புங்க, அதுக்கு வழி விட்டாரு!

எனக்குச் சுருக்குன்னுச்சு. இத்தன வருசமா கல்யாண வீட்டுல நான் நடந்தது அந்த நாயி மாதிரிதான். சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு, சொவத்த ஒட்டி, குடுகுடுன்னு.

எல்லாருக்கும் மாமா

இப்ப முக்கியமான ஆளுக்கு வாரேன்.

நாங்க கல்யாணச் சமையலுக்கு எங்க போனாலும் ஒரு ஆளு வருவாரு. தும்பப்பூ மாதிரி வேட்டி, இஸ்திரி போட்ட சட்ட, நெத்தியில சந்தனம். பொண்ணு வீடு கெடையாது, மாப்ள வீடு கெடையாது. யாரும் பத்திரிக்க வச்சது கெடையாது. பந்தியில ஒக்காந்து நல்லாச் சாப்பிட்டு, மொய் எழுதுற மேசைக்கு நேரா ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிருவாரு. அடுப்படியில அவருக்குப் பேரு எல்லாருக்கும் மாமா.

பேகம்பூர்ல காதர் பாய் கடையிலதான் நாங்க அண்டா, வாளி வாடகைக்கு எடுக்குறது. பாயும் சொல்றாரு: "அந்த வெள்ளவேட்டிக்காரரா? எங்க தங்கச்சி மக நிக்காவுக்கும் வந்தாரும்மா. மாப்ளயக் கட்டிப் பிடிச்சு வாழ்த்துனாரு. பிரியாணி வைக்கிறவன்கிட்ட, 'பெரியவுகளுக்கு எலும்பு பாத்துப் போடுப்பா'ன்னாரு. நான் மாப்ள வீட்டுக்காரருன்னு நெனச்சு ரெண்டாந்தடவ வைக்கச் சொன்னேன்!"

பாய் சொல்லிட்டு கண்ணுல தண்ணி வர சிரிச்சாரு. கோவமே இல்ல.

மாமா எப்பிடி உள்ள நொழையிறாருன்னு நான் ஒரு நாளு நின்னு பாத்தேன். சூட்சுமம் ஒண்ணுதான். யாரும் அவரக் கேக்குறதுக்கு முன்னாடி அவரு கேட்டுருவாரு. "வாங்க வாங்க! சாப்டீகளா?" வாசல்ல நிக்கிற பொண்ணோட அப்பனையே அப்பிடிக் கேப்பாரு. கேட்டவுடனே அந்த மனுசன், "இனிமேத்தாங்க"ன்னு கூச்சப்பட்டுக்கிட்டு ஒதுங்கி நிப்பாரு. யாரு மொதல்ல கேக்குறாகளோ அவுக வீட்டுக்காரவுக. பதில் சொல்றவுக விருந்தாளி.

ஒருத்தரு கூப்புடுறதத் தவிர வேற வேல இல்லாதவரு. ஒண்ணு பூன. ஒருத்தரு கூப்புடாத கல்யாணத்துல சாப்புடுறவரு. பந்தி பாக்குற வேலைக்கு நான் பாடம் படிச்சது இவுக மூணு பேருகிட்டத்தான். வேற யாரும் சொல்லித்தர முன்வரல.

கதவு தெறந்த கத

முகூர்த்த நாளு. பொண்ணு வீடு நெய்க்காரப்பட்டிப் பக்கம், "ஏனுங்க, வாங்க"ன்னு பேசுற சனம். மாப்ள வீடு நம்ம திண்டுக்கல் பக்கம். செல்வராசு தம்பி இன்னொரு மண்டபத்துல இருந்தாரு. இங்க நான்தான்.

ஹாலு கதவுகிட்ட நின்னது பிரகாசு. நெசப் பேரு பிகாசு, ஒடிசாக்காரன். நம்ம ஆளுக வாயில பிரகாசாயிட்டான். பொறுப்பான ஆளு, ஊருல ரெண்டு புள்ளைக இருக்கு. மின்ன திருப்பூர்ல கம்பெனியில இருந்ததால தமிழு கொங்குத் தமிழு. "சரிங்கக்கா", "ஆகட்டுங்கக்கா"ன்னு பேசுவான். கேக்கவே அழகா இருக்கும்.

ஏற்பாடு என்னன்னா, நான் அடுப்படி வாசல்ல நின்னு, அண்டாவப் பாத்து, வாக்கி டாக்கியில சொல்லணும். எல்லாம் தயாருன்னா அவன் கதவத் தெறந்து அடுத்த பந்திய விடணும். அந்தக் கருப்புப் பெட்டிய நான் பட்டன அமுக்காமப் பேசி, பேசி முடிச்சு அமுக்கி, காலையில பூரா ஒரே கூத்து.

மொதப் பந்தி நல்லா முடிஞ்சுச்சு. எதிர்பாத்தத விடச் சனம் சோறு கூடச் சாப்பிட்டுச்சு, எங்க வத்தக்குழம்பு அப்பிடி. நடுவுல சிலிண்டரு தீந்து அடுப்பு அணைஞ்சு, அடுத்த ஒல பின்தங்கிப் போச்சு. அண்டாவ எட்டிப் பாத்தேன். வெறும் அடி.

பிரகாசு கூப்புடுறான். "அக்கா, வெளிய கூட்டமுங்க. சோறு எப்படிங்க?"

நான் பட்டன ஒழுங்கா அமுக்கித் தெளிவாச் சொன்னேன்: "சோறு நெறஞ்சிருச்சுப்பா!"

"சரிங்கக்கா!"

கதவத் தெறந்து விட்டுட்டான்.

நீங்களே சொல்லுங்க. நம்ம வீட்டுல அரிசி தீந்தாலும், உப்பு தீந்தாலும் "இல்ல"ன்னு வாய் தெறந்து சொல்லுவோமா? நெறஞ்சிருச்சும்போம். சின்னப் புள்ளையில இருந்து வந்த பேச்சு. கல்யாண வீட்டுல, சோத்தப் பத்தி, வேற எப்பிடிச் சொல்ல வாய் வரும்? அந்தப் பாவி மகனுக்கு நெறஞ்சிருச்சுன்னா நெறஞ்சிருச்சு. தளும்பத் தளும்ப.

அப்பத்தான் அந்த நாற்காலிச் சத்தம்.

யாரு வழக்கம்?

எட்டிப் பாத்தேன். பந்தி பூரா ஆளு. எல போட்டுத் தண்ணி தெளிச்சாச்சு. பொரியல், கூட்டு, ஊறுகா வச்சுக்கிட்டு போறாக. ஒவ்வொரு மேசைக்குப் பின்னாடியும் அடுத்துச் சாப்புடுறவுக நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக. மாப்ளயோட பெரியப்பா நடு மேசையில. பக்கத்து வரிசையில, வேற யாரு, மாமா. எலையத் தொடச்சுக்கிட்டு இருக்காரு.

சமையல் மாஸ்டரு தலையில கைய வச்சிட்டாரு. "அரிசி வேகணும்ல? பொண்ணுக்கு அப்பா வந்து கேட்டா என்னத்தச் சொல்ல?"

எனக்கு ஓடிப் போய் பிரகாசு கையப் பிடிச்சு, எல்லாரையும் எந்திரிக்கச் சொல்லலாமான்னு ஒரு நெனப்பு. பந்தியில ஒக்காந்த ஆள எந்திரிக்கச் சொன்னா அந்தக் குடும்பத்துக்கு அது ஆயுசுக்கும் சொல்லுற கதையாயிரும். "நெய்க்காரப்பட்டியில பொண்ணு எடுத்தோம், எலையில ஒக்கார வச்சு எழுப்பி விட்டாக"ன்னு.

கண்ண மூடுனேன். பூன வந்துச்சு.

நெசப் பூன இல்ல, மனசுக்குள்ள. சரி, ஓடக்கூடாது. முந்தானைய ஒதறிப் போட்டேன். ஹாலு நடுவுல நடந்தேன். ஓரமா இல்ல, நடுவுல. ஒரு மேசையப் பாத்தேன், அடுத்த மேசையப் பாத்தேன். பரிமாறுற ஆளு ஒருத்தன் வாளியோட வழி விட்டான்.

தூரத்துல சொவத்துல தொங்குற கடிகாரத்தப் பாத்துக்கிட்டு, வயித்துல இருந்து ஒரே வார்த்த.

"பாயசம்! பாயசம்! பாயசம்!"

எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. பாயசம் அண்டா அண்டாவா இருந்துச்சு, அது மட்டும் எனக்குத் தெரியும். பரிமாறுற ஆளுக ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு, பாயச வாளியத் தூக்கிக்கிட்டு வந்தாக.

மாப்ளயோட பெரியப்பா நிமிந்தாரு. "ஏத்தா, சோறு எங்க? சோத்துக்கு முன்னாடி பாயசமா?"

"மொதல்ல பாயசங்கய்யா. வழக்கம்." வாயில வந்துருச்சு.

"யாரு வழக்கம்?"

அவ்வளவுதான். மாட்டிக்கிட்டேன். கடிகாரத்தையும் பாக்க முடியல, அவரையும் பாக்க முடியல. பொண்ணு வீடுன்னு சொன்னா பொண்ணு வீட்டு ஆளுக அங்கதான் ஒக்காந்திருக்காக. மாப்ள வீடுன்னு சொன்னா கேக்குறவரே மாப்ள வீடு.

அப்பப் பக்கத்து வரிசையில இருந்து ஒரு கொரலு. நிதானமா, டம்ளர நீட்டிக்கிட்டு.

"இது என்னங்க கேள்வி? நம்ம வழக்கந்தான். சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க."

மாமா!

நம்ம. அந்த ஒரு வார்த்த போதுமாயிருச்சு. பெரியப்பா, இவரு பொண்ணு வீட்டுப் பெரிய மனுசரு போலன்னு நெனச்சு, "ஓகோ, நெய்க்காரப்பட்டிப் பக்கம் இப்பிடியா"ன்னு டம்ளர எடுத்தாரு. எதுத்தாப்ல இருந்த பொண்ணு வீட்டு அம்மா, "திண்டுக்கல் பக்கம் மொதல்லயே பாயசம் குடுத்துருவாங்களாட்டம் இருக்குதுங்க. நல்ல வழக்கமுங்க"ன்னாக. ரெண்டு வீடும் ஒருத்தருக்கொருத்தர் மரியாத பண்ணிக்கிட்டு, மடக்கு மடக்குன்னு குடிக்குது.

அப்பறம் வட விட்டேன். அப்பளம் விட்டேன். பாயசம் ரெண்டாந்தடவ விட்டேன். வரிசைக்குள்ள போய் நான் முந்திக்கிட்டுக் கேட்டேன்: "வாங்கய்யா, நல்லாச் சாப்புடுங்க, அம்மாவுக்கு இன்னொரு வட வைக்கவா?" கேட்டுக்கிட்டே இருந்தா கேள்வி நம்ம பக்கம் வராது. காதெல்லாம் அடுப்படிப் பக்கந்தான் இருந்துச்சு. கஞ்சி வடிக்கிற சத்தம் வருதா, வருதா, வருதான்னு.

வந்துச்சு. ஆவி பறக்க, வாளி வாளியா. பெரியப்பா எலையில விழுந்த மொத கரண்டிச் சோத்தப் பாத்து எனக்கு அழுகை வந்துருச்சு. வெங்காயம் நறுக்குனப்பக் கூட நான் அப்பிடி அழுததில்ல.

கை கழுவுற எடத்துல

இதோட முடிஞ்சிருந்தா நல்லாருக்கும். முடியல.

பந்தி எந்திரிச்சுச்சு. கை கழுவுற எடத்துல பொண்ணோட தாய்மாமன் மாமாகிட்ட வந்தாரு. நல்ல ஆகிருதியான ஆளு. "ஏனுங்க, அந்த வழக்கத்தப் பத்தி எங்க அம்மா கேக்குறாங்க. நீங்க மாப்ளைக்கு என்ன மொறைங்க?"

பின்னாடியே மாப்ளயோட அண்ணன். "எங்க ஆளா? நாங்க ஒங்க ஆளுன்னுல்ல நெனச்சோம்."

ரெண்டு பேருக்கும் நடுவுல மாமா. வழக்கம் போல, "சாப்டீகளா?"ன்னாரு. "சாப்டாச்சு. நீங்க யாரு?"ன்னாக.

மாமா கையில தண்ணி சொட்டுது. தொடைக்கக் கூடத் தோணல. கும்பல் திரும்பிப் பாக்க ஆரம்பிச்சிருச்சு.

நான் எங்க நின்னேன், எப்பிடி நடந்தேன்னு எல்லாம் தெரியல. கடிகாரத்தப் பாக்கல, பூனைய நெனைக்கல.

"மாமா! ஒங்கள எங்க எல்லாம் தேடுறது? பாயசம் பக்குவம் பாத்துச் சொல்லுங்கன்னு பந்தியில ஒக்கார வச்சா, இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்கீக. மாஸ்டரு கத்துறாரு, வாங்க அடுப்படிக்கு!"

அந்த நீட்டு ஹாலு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கேட்டுச்சு. நாதஸ்வரக்காரரு வாசிக்கிறத நிறுத்திட்டுப் பாத்தாரு.

தாய்மாமன் சிரிச்சிட்டாரு. "அட, சமையல் ஆளுங்களா! பாயசம் அருமைங்க."

மாமா தோள் துண்டுல கையத் தொடச்சாரு. ஒரு நொடிதான். பழைய நிமிர்வு வந்துருச்சு. "இன்னும் கொஞ்சம் ஏலக்கா தட்டிப் போட்டுருக்கணும். நான் அப்பவே சொன்னேன்"னாரு.

மாஸ்டரு காதுல அது விழுந்து, அப்பறம் அடுப்படியில நடந்த சண்டைய இன்னொரு நாளுதான் சொல்லணும்.

திரும்புனா, வாசல்ல செல்வராசு தம்பி. எப்ப வந்தாருன்னு தெரியல.

"யக்கா, இப்பக் கத்துனது நீங்களா?"

"நாந்தான் தம்பி."

"இத்தன வருசம் இந்தக் கொரல எங்க வச்சிருந்தீக?"

"பூசணிக்காய்க்குள்ள"ன்னேன். நடந்தது எல்லாத்தையும் நானே சொல்லிட்டேன். வெறும் அண்டா, பிரகாசு, பாயசம், எல்லாம். அவரு சிரிக்கல. அடுப்படிக்குப் போனாரு. வர ரொம்ப நேரமாச்சு. நான் ஹால இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்குறேன், நடக்குறேன், முழங்காலு நிறுத்துன்னு கெஞ்சுது. வந்தாரு.

"பாயசம் மொதல்லன்னு சொன்னீகளே, அது யாரு வழக்கம்?"

"நம்ம வழக்கம் தம்பி."

அப்பத்தான் சிரிப்ப அடக்கி வாயி கோணுச்சு அவருக்கு. "அடுத்த முகூர்த்தம் வேடசந்தூர்ல. வெள்ளன வேன் வரும். காட்டன் சேல கட்டிக்கிட்டு வாங்க, இது வழுக்குது."

இது எந்த நெறஞ்சிருச்சு?

திரும்புற வழியில வேன்ல பிரகாசு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தான். நான் வெவரம் சொன்னேன். அன்னத்தப் பத்தி "இல்ல"ன்னு சொல்லக் கூடாது, அதனால தீந்துருச்சுன்னா நெறஞ்சிருச்சும்போம்.

யோசிச்சான். "அப்ப நெசமா நெறஞ்சு இருந்தா என்ன சொல்வீங்கக்கா?"

"நெறஞ்சு இருந்தா எதுக்குப்பா சொல்லணும்?"ன்னேன்.

அதுல இருந்து அவனுக்கு எல்லாமே நெறஞ்சிருச்சுதான். போன்ல பேலன்ஸ் தீந்தா, "அக்கா, பேலன்ஸ் நெறஞ்சிருச்சுங்க." பல்பு அணைஞ்சா, "கரண்டு நெறஞ்சிருச்சுங்க." ஒடிசாவுக்குப் போன் போட்டுப் பொண்டாட்டிகிட்டச் சொல்லிச் சிரிக்கிறான். ஆனா பந்தியில நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டோம். "தெற"ன்னா தெற. "மூடு"ன்னா மூடு. வேற பேச்சே கெடையாது.

வேடசந்தூரு போனோம். ஒரு தடவ பாத்தாச்சே, கோழி போயிருக்கும்னு நெனச்சேன். போகல. சேல மடிப்பத் திரும்பத் திரும்பச் சரி பண்றேன். அண்டாவ எட்டிப் பாக்குறேன், பாத்ததையே பாக்குறேன். ஒல வெந்து, வடிச்சு, சோறு மல மாதிரி குமிஞ்சு கெடக்கு. ஆனாலும் காலு நிக்கல.

வாசப்பக்கம் ஒரு தும்பப்பூ வேட்டி உள்ள வந்துச்சு. நேரா என்கிட்ட வந்து, "வாங்க வாங்க! சாப்டீகளா?"

"இனிமேத்தான் மாமா"ன்னேன். என்னையவே விருந்தாளியாக்கிட்டாரு!

வாக்கி டாக்கி கொரகொரன்னுச்சு. பிரகாசு. "அக்கா, வெளிய கூட்டமுங்க. பயமுங்களா?"

பட்டன அமுக்குனேன். "நெறஞ்சிருச்சுப்பா."

வாக்கி டாக்கி திரும்பக் கொரகொரன்னுச்சு.

"அக்கா, இது எந்த நெறஞ்சிருச்சுங்க?"

யோசிச்சுப் பாத்தேன். எனக்கே தெரியல.

"தெற"ன்னேன்.

கர்ரு கர்ருன்னு நாற்காலி இழுக்க ஆரம்பிச்சுச்சு.